துப்பாக்கிப் பயிற்சி முடிச்சாத்தான் கிளாஸ்... 78 டிகிரி வடக்கில் ஒரு விசித்திர கேம்பஸ்!

காலேஜ் முதல் வாரம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஐடி கார்டு, டைம் டேபிள், கேன்டீன் எங்கே இருக்குன்னு தேடினது... இதானே? ஆனா ஒரு இடத்துல முதல் வாரமே கையில ரைஃபிளைக் கொடுத்து சுடச் சொல்லித் தர்றாங்க. உடம்பை மூடும் பாதுகாப்பு உடையோட உறையவைக்கும் கடல்ல இறங்கச் சொல்றாங்க. பனிப்பாறைப் பிளவுல விழுந்தவரை எப்படி மேல தூக்கணும்னு பழக்குறாங்க. இதெல்லாம் முடிச்சாத்தான் பாடமே!

ராணுவப் பயிற்சி முகாம் இல்லை பாஸ். இது ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம். சுருக்கமா, யூனிஸ். நார்வேக்கும் வட துருவத்துக்கும் இடையில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லாங்இயர்பியென் என்ற குட்டி ஊரில் 1993-ல் தொடங்கப்பட்டது. ஊரின் மக்கள்தொகை சுமார் 2,500. உலகின் வடகோடி உயர்கல்வி நிறுவனம் இதுதான். ஊரைத் தாண்டினால் பனிக்கரடி வரலாம். அதனால்தான் ரைஃபிள்.

உயிரியல், புவியியல், புவி இயற்பியல், தொழில்நுட்பம் என நான்கு துறைகள். வகுப்பறையைவிட வெளியில் செய்யும் களப்பயிற்சிதான் இங்கே ஹைலைட். வெப்பமாகும் வடக்கில் செடி, விலங்கு, மண் எல்லாம் எப்படி மாறுதுன்னு நேரடியா இறங்கிப் பார்க்குறாங்க.

'அதான் சேட்டிலைட் இருக்கே, இவ்வளவு தூரம் போய்த்தான் பார்க்கணுமா?'ன்னு தோணுதா? நியாயமான கேள்வி. பதிலைப் பார்க்கலாம்.

பூஜ்ஜியம் என்கிற கோடு

1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்கிறது 2022-ல் வெளியான ஓர் ஆய்வு. அதிலும் ஸ்வால்பார்ட் இருக்கும் பகுதி இன்னும் வேகம். 2020 ஜூலையில் லாங்இயர்பியெனில் 21.7 டிகிரி செல்சியஸ் பதிவானது.

'21 டிகிரியா? அது எங்க ஊர் ஏசி ரூம்ங்க'ன்னு சிரிக்காதீங்க. மேட்டரே வேற.

நம்ம ஊர்ல 35 டிகிரி 38 ஆனா, வியர்வை அதிகம், கரன்ட் பில் அதிகம். ஆனா மைனஸ் 2 டிகிரி, பிளஸ் 2 ஆனா? பனியா விழ வேண்டியது மழையா விழும். நடுவுல இருக்கும் பூஜ்ஜியத்தைத் தாண்டினதும் ஒரு ஊரோட இயல்பே மாறிடும். வடக்கில் 'வெப்பமயமாதல்' என்பதன் நிஜ அர்த்தம் இதுதான்.

உதாரணம் ரெயின்டீர். ஸ்வால்பார்டில் வாழும் இந்தக் குட்டைக்கால் மான்கள், குளிர்காலத்தில் பனியைக் காலால் தோண்டி அடியில் இருக்கும் செடிகளைத் தின்னும். நடுக்குளிர்காலத்தில் திடீர்னு மழை பெய்தால், அந்தத் தண்ணீர் பனிக்குள் இறங்கி, தரையில் கெட்டியான ஐஸாக உறைந்துவிடும். சாப்பாடு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி!

2019-ல் கணக்கெடுப்புக்குப் போன நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தினர், 200-க்கும் மேற்பட்ட ரெயின்டீர்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். முந்தைய டிசம்பரில் பெய்த மழைதான் காரணம் என்றார்கள். அதாவது, குளிர் கூடியதால் அல்ல, குளிர் குறைந்ததால் பட்டினி!

இப்போ சேட்டிலைட் கேள்விக்கு வருவோம். மேலிருந்து எடுத்த போட்டோவில் எல்லாமே வெள்ளைதான். அடியில் இருப்பது பூப்போன்ற பனியா, பாறை போன்ற ஐஸான்னு தெரிய, ஒருத்தர் மண்வெட்டியோட போய்க் குழி தோண்டணும். ஒவ்வொரு அடுக்கையும் விரலால அழுத்திப் பார்த்து, அளந்து, எழுதணும். களப்பயிற்சியின் அடிப்படைப் பாடமே இதுதான்.

கதை அவ்வளவு சிம்பிள் இல்லை

'பாவம் ரெயின்டீர், அழியப்போகுது'ன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் பொறுங்க.

கோடை நீளமானதால் செடிகள் நல்லா வளருது. ரெயின்டீருக்குச் சாப்பாடு அதிகம், குட்டிகளும் அதிகம். பல இடங்களில் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் ஐஸ் பூட்டுப் போட்ட பிறகு, இருக்கும் கொஞ்ச உணவுக்குப் போட்டியும் அதிகம். 1994-ல் பிறந்தவை வளர்ந்தபோது சராசரியாக 55 கிலோ எடை இருந்தன. 2010-ல் பிறந்தவை 48 கிலோதான். எண்ணிக்கை ஏறுது, எடை இறங்குது. சில ரெயின்டீர்கள் மோசமான குளிர்காலங்களில் கடற்கரைக்குப் போய்க் கடல்பாசி தின்று சமாளிப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

செடிகள் பக்கமும் இதே கதைதான். இங்கே வளரும் துருவ வில்லோ, மர வகையைச் சேர்ந்தது. ஆனா முழு 'மரமே' உங்க விரல் உயரம்கூட வராது! இன்னும் சூடானால் இது என்ன ஆகும்? கண்டுபிடிக்க ரொம்ப எளிமையான ஒரு ஐடியா இருக்கு. மேல்பக்கம் திறந்த அறுகோணக் கூண்டைச் செடிகளைச் சுற்றி வைப்பாங்க. உள்ளே ஒன்றிரண்டு டிகிரி சூடு கூடும். வெளியே இருக்கும் செடியோட ஒப்பிட்டா, எதிர்காலத்தின் ட்ரெய்லர் ரெடி!

1990-ல் தொடங்கிய சர்வதேச டண்ட்ரா சோதனைத் திட்டத்தில், அலாஸ்காவிலிருந்து ஸ்வால்பார்ட் வரை பல இடங்களில் ஒரே முறையில் இந்தக் கூண்டுகளை வைத்து ஆராய்கிறார்கள். ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, ஊசி எந்தெந்த இலையில் படுதுன்னு ஒவ்வொண்ணா எண்ணணும். குளிர்ல முட்டி போட்டு, மணிக்கணக்கா! நாம போன்ல ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிப்போற ஒரு கிராஃபுக்குப் பின்னாடி இத்தனை முட்டிவலி இருக்கு.

காலுக்குக் கீழேயும் சிக்கல்

இந்த ஊரின் மண்ணுக்கு அடியில் வருடம் முழுக்க உறைந்தே இருக்கும் 'பெர்மாஃப்ராஸ்ட்' இருக்கு. உலகம் முழுக்க இப்படி உறைந்த மண்ணில் இருக்கும் கார்பன், வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இளகினால், நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். கார்பன் டை ஆக்ஸைடும் மீத்தேனும் வெளியே வரும். லாங்இயர்பியென் அருகே 1998-ல் 100 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு வெப்பநிலையைப் பதிவு செய்துவருகிறார்கள். மண் சூடாகிக்கொண்டேதான் போகிறது.

முரண்பாடும் இருக்கு

இந்த ஊர் பிறந்ததே நிலக்கரிக்காக. 1906-ல் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் மன்ரோ லாங்இயர் தொடங்கிய சுரங்கக் குடியிருப்பு இது. 2023 வரை மின்சாரம் நிலக்கரியில், இப்போது டீசலில். கடைசி நார்வே சுரங்கம் 2025-ல்தான் மூடப்பட்டது. மாணவர்கள் இங்கே வருவதும் பெரும்பாலும் விமானத்தில்தான். 'கார்பனைப் பத்திப் படிக்க கார்பனை எரிச்சுட்டு வர்றீங்களே?'ன்னு கேட்டா, சங்கடமான கேள்விதான். ஆனா நேர்ல போய்க் குழி தோண்டாம இருந்தா, ரெயின்டீர் ஏன் செத்ததுன்னே தெரிஞ்சிருக்காது. விமானப் புகைக்கு ஈடா ஏதாவது வேணும்னா, அங்கே எடுக்குற அளவீடு பல வருஷத்துக்குப் பயன்படணும். ஒரு வாரம் போய் செல்ஃபி எடுத்துட்டு வர்றதுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதுல சென்னை எங்கே வருது?

ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டில் 2008-லிருந்து இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கு. பக்கத்து காங்ஸ்ஃபியோர்டு நீருக்கடியில் 2014-ல் 'இண்டார்க்' என்ற கண்காணிப்புக் கருவி இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு முக்கியப் பங்கு. ஆர்க்டிக் மாற்றத்துக்கும் நம்ம பருவமழைக்கும் என்ன தொடர்புன்னு ஆராய்வது இந்தியாவின் நோக்கங்களில் ஒன்று.

போகணும்னு ஆசை வந்துடுச்சா? யூனிஸ் தனியாகப் பட்டம் தராது. ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்துகொண்டே இங்கே பாடம் எடுக்கணும். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். 1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தால், தீவுக்குன்னு தனி விசா கிடையாது. ஆனா நார்வே வழியாத்தான் போய்த் திரும்பணும். அதனால இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா அவசியம். இதுல கோட்டை விட்டா ரிட்டர்ன் கஷ்டம்!

போக முடியலைன்னாலும் ஒரு விஷயத்தை இங்கிருந்தே செய்யலாம். 'ஆர்க்டிக்கில் வரலாறு காணாத வெப்பம்'னு அடுத்த நோட்டிஃபிகேஷன் வரும்போது, ரெண்டு கேள்வி கேளுங்க. அது கோடையா, குளிர்காலமா? விழுந்தது பனியா, மழையா? கோடைன்னா புல் கூடியிருக்கும். குளிர்காலத்து மழைன்னா, எங்கேயோ ஒரு ரெயின்டீர் ஐஸைத் தோண்டித் தோண்டி ஓய்ந்துபோய்க் கடற்கரைப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்.