மிசோரம்: எது ஈட்டிய அமைதி?

கிளர்ச்சித் தணிப்பு, அதாவது ஆயுதக் குழுவை மக்களிடமிருந்து பிரித்து ஒடுக்க ஓர் அரசு மேற்கொள்ளும் படை, நிர்வாக, அரசியல் நடவடிக்கைகளின் தொகுப்பு, இந்தியாவில் தெளிவான வெற்றி கண்ட இடமாக மிசோரமே துறையினரால் சுட்டப்படுகிறது. அவ்வெற்றியை எந்த நடவடிக்கை ஈட்டியது என்ற கேள்வி மட்டும் உரிய கவனம் பெறுவதில்லை.

1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழிந்தபோது, அன்று மிசோ மலைகளை ஆண்ட அசாம் அரசு காட்டிய மெத்தனத்திலிருந்து வளர்ந்த மிசோ தேசிய முன்னணி, 1966 மார்ச் 1 அன்று லால்டெங்கா தலைமையில் விடுதலையை அறிவித்தது. சில நாள்களில் அய்ஸ்வால் நகரத்தின் மீது இந்திய விமானப்படையே தாக்குதல் நடத்தியது.

1967இல் தொடங்கிய ஊர்த்தொகுப்புத் திட்டத்தின்கீழ் மலையூர்கள் பல காலிசெய்யப்பட்டு எரிக்கப்பட, மக்கள் சாலையோரக் காவல் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். மலாயாவில் பிரிட்டிஷார் 1950 முதல் செயல்படுத்திய பிரிக்ஸ் திட்டமே இதற்கு முன்மாதிரி எனினும், அங்கு இடம்பெயர்க்கப்பட்டோரில் பெரும்பாலோர் நில உரிமையற்ற சீனக் குடியேறிகள். இங்கோ பரம்பரை ஊர்களில் வாழ்ந்த ஒரு முழுச் சமூகமே வேரோடு பெயர்க்கப்பட்டது. ஊரடங்கும் ஆள்கணக்கெடுப்பும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதால், காட்டை வெட்டி எரித்து ஆண்டுதோறும் இடம் மாற்றிப் பயிரிடும் ஜூம் வேளாண்மை குலைந்து, தன் உணவைத் தானே விளைவித்த மக்கள் அரசின் ரேஷனை எதிர்பார்த்து நின்றனர். கிளர்ச்சியாளரின் உணவு வழியும் தகவல் வழியும் ஓரளவு அடைபட்டன என்பது உண்மையே; ஆனால் போராட்டம் ஓயவில்லை, அரசின்மீதான கசப்போ ஒரு தலைமுறைக்கு நீடித்தது.

கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த புகலிடத்தை முன்னணி இழந்தது 1971 போரினால். அதாவது, ஊர்த்தொகுப்புத் திட்டத்துக்குத் தொடர்பற்ற ஒரு காரணத்தால். அதன் பின்னும் அமைதி வர, தேவாலயங்களின் இடையறாத முயற்சியும் நீண்ட பேச்சுவார்த்தையும் தேவைப்பட்டன. 1986 ஜூன் 30இல் உடன்பாடு கையெழுத்தாகி, லால்டெங்கா முதலமைச்சரானார்; 1987இல் மாநிலத் தகுதி கிடைத்ததோடு, அரசியலமைப்பின் 371ஜி பிரிவு மிசோ மக்களின் நிலவுரிமைக்கும் வழக்காற்றுச் சட்டத்துக்கும் காப்பளித்தது. 1988இல் ஆட்சி பறிபோனபோதும் முன்னணி காட்டுக்குத் திரும்பாமல் அடுத்த தேர்தலைச் சந்தித்தது. உடன்பாட்டின் உறுதிக்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

எனவே, ஊர்த்தொகுப்பை வெற்றியின் காரணமாக முன்வைக்கும் ஆய்வாளர்கள், அது இல்லாதிருந்தால் அமைதி முன்னதாகவே வந்திருக்குமா என்ற கேள்விக்கும் தங்கள் கட்டுரைகளில் விடையளிக்க வேண்டுமென ஆசிரியர் குழு கேட்டுக்கொள்கிறது.