இஸ்லாமிய சமய ஆசிரியரும் மாணவர் ஒழுக்கமும்

கல்வியின் பயன் ஒழுக்கம் என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயின், அவ்வொழுக்கம் எதனால் அமையும் என வினவின், நம்மிற் பலர் பாடப் புத்தகத்தையே சுட்டுகின்றனர். நூலினும் ஆசிரியரே முதன்மையானவர் என்பதற்கு இஸ்லாமிய சமய ஆசிரியர்தம் மரபு தக்க சான்றாகும். கிறிஸ்தவனாகிய யான் இதனை எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். நல்லது எங்கிருப்பினும் கொள்ளுதல் மாணவர் கடனன்றோ?

இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ஆசிரியர் கடமைகளை வகுத்துரைத்தார். மாணாக்கரைத் தம் மக்களாகக் கருதுதல், அவர்தம் பிழையைப் பலரறிய இடித்துரையாது குறிப்பினாலே திருத்துதல், பிறர் கற்பிக்கும் கலைகளை இகழாமை, சொல்லுக்கு மாறாக ஒழுகாமை என்பன அவற்றுட் சில. 1377-ஆம் ஆண்டில் ‘முகத்திமா’வை இயற்றிய இப்னு கல்தூன், கடுந்தண்டனை சிறாரைப் பொய்யிலும் வஞ்சகத்திலும் பழக்கும் என எச்சரித்தார். அடிக்கு அஞ்சும் சிறுவன் உண்மையை நாடான்; தப்பும் வழியையே நாடுவான். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் போல்வார் நல்லாசிரியர் என நன்னூலில் பவணந்தியார் காட்டிய இலக்கணத்தோடு இவை ஒத்திருத்தல் காண்க.

நம் தமிழகத்திலும் இம்மரபு பயன் விளைத்தது. கீழக்கரையில் வாழ்ந்த மார்க்கப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் தொடர்பினாலேயே, சீறாப்புராணத்திற்கு வேண்டிய வரலாற்றுச் செய்திகளை உமறுப் புலவர் பெற்றார் என்பர். அரபு கற்ற சமய ஆசிரியர் தமிழுக்குத் துணைநின்றமையால் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

‘ஓதற்பள்ளியில் பிள்ளைகள் பொருளறியாது மனப்பாடமன்றோ செய்கின்றனர்?’ எனச் சிலர் வினவலாம். இவ்வினாவில் உண்மை உண்டு. இளமையிற் பதிந்த மறைமொழி பின்னாளில் துணையாகும். எனினும், பொருளுணர்த்தாது ஒப்புவித்தலோடு நிற்பவர் கடமையிற் பாதியே செய்தவராவர். அக்குறை அங்கு மட்டுமோ? மதிப்பெண்ணுக்காக வேதபாடம் படித்து, தேர்வு முடிந்ததும் மறப்பார் நம்மிடையும் உளரல்லரோ?

பல சமயத்தார் கலந்து வாழும் நாடு இது. அயலார் சமயத்தைப் பற்றிச் சிறுவன் முதன்முதற் கேட்கும் சொல் பெரும்பாலும் தன் சமய ஆசிரியர் வாய்ச்சொல்லே. அச்சொல் இகழ்ச்சியாயின், பின்னர்ப் படிக்கும் நூறு நூல்களும் அக்கறையைக் கழுவுதல் அரிது. அது மதிப்புடையதாயின், அவன் தன் சமயத்தில் உறுதியும் அயலாரிடத்து அன்பும் ஒருங்கே உடையவனாவான்.

ஆதலின் ஆலிமாயினும் குருவானவராயினும், சமயம் கற்பிப்பாரை அவர்தம் நூற்புலமை ஒன்றே கொண்டு தேர்தல் சாலாது. ஒழுக்கத்தையும் நோக்கியே தேர்தல் வேண்டும். அவர்க்குத் தக்க ஊதியமும் மதிப்பும் அளித்தல் சமுதாயத்தின் நீங்காக் கடமை என்பதே என் துணிபு.