கோடு நிற்கிறதா என்று பாருங்கள்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என் மேசைக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: ‘வண்டியில் ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடலாமா?’ கேட்பவர்களில் பெரும்பாலோர் அழகுக்காகக் கேட்பவர்கள் அல்ல. இரவு ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வீடு திரும்புகிறவர்கள், விடியுமுன் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள், தெருவிளக்கே இல்லாத சாலையில் தினமும் போய் வருகிறவர்கள். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் பள்ளத்தையும் படுத்திருக்கும் மாட்டையும் கண்டுபிடித்து ஓட்ட வேண்டிய பாடு அவர்களுடையது. அவர்களுக்கு ‘போடாதீர்கள்’ என்று ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘போடுங்கள்’ என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க அந்தக் கேள்விக்கே கொடுத்துவிட்டேன்.

அவர்கள் குறை நியாயமானது. நம் ஊர் கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்.எஸ். 1 என்னும் 35/35 வாட் பல்பு. அதன் தரக்கணக்கு டிம்மில் 525 லூமன், பிரைட்டில் 825. பெரிய வண்டிகளில் வரும் எச் 4 பல்பு 60/55 வாட். டிம்மில் 1000, பிரைட்டில் 1650. அதாவது 100 சி.சி. வண்டிக்காரர் அதே இருட்டுச் சாலையை ஏறக்குறைய பாதி வெளிச்சத்தில் கடக்கிறார். அந்தக் குறையைத் தீர்க்க 100/90 வாட் ஹாலோஜனைத் திணித்து, ஹோல்டர் உருகி, வயர் கருகி வந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. இருபது வாட்டுக்குள் எச் 4 அளவு வெளிச்சத்தைத் தரக்கூடிய எல்.இ.டி. கண்ணில் பட்டதும் மனம் அங்கே போவது இயற்கைதான்.

ஆனால் பல்பை மாற்றுமுன் இருக்கிற பல்பு முழு பலத்தோடு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹாலோஜனுக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் வரை இறங்கிவிடும். லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை ஹோல்டரில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 13.5 காட்டி, ஹோல்டரில் 12-க்குக் கீழே காட்டினால் பல்பின் மேல் குற்றமில்லை. பாசி பிடித்த கப்ளர், கரி படிந்த சுவிட்ச், தளர்ந்த எர்த், மெலிந்த வயர், இவற்றில் ஏதோ ஒன்று வழியிலேயே தின்றுகொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்து, பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனி வயர் இழுத்தால் பழைய பல்பே புதிதுபோல எரியும். ஹெட்லைட் டூமுக்குள் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பைப் போட்டும் பயனில்லை. டூமைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐடிலில் மங்கலாக எரிந்து, முறுக்கும்போது பளீரென்று ஏறுகிறதா? அப்படியானால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியவில்லை. மேக்னெட் காயிலிலிருந்து வரும் ஏ.சி.யில் எரிகிறது. அந்த லைனில் சாதாரண எல்.இ.டி.யை நேராக மாட்டினால் மினுக்கும், சீக்கிரம் போயும்விடும். லைனை டி.சி.யாக மாற்றி, அதற்கேற்ற ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டும் போட்ட பிறகே எல்.இ.டி. பற்றி யோசிக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வந்த இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கும் எரியும் என்பதால், எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அவற்றுக்கு உதவாது. மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

எச் 4, எச்.எஸ். 1 பல்புகளுக்குள் உற்றுப் பாருங்கள். இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். டிம்முக்கான சுருளுக்கு அடியில் மட்டும் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கிண்ணம்தான். டிம் சுருள் ரிஃப்ளெக்டரின் குவிமையத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதிலிருந்து மேல் பாதியில் படும் வெளிச்சம் கீழ்நோக்கிச் சாலைக்கு வருகிறது. கீழ்ப் பாதியில் பட்டால் மேல்நோக்கிப் போய்விடும். அதை அந்தக் கிண்ணம் மறித்துவிடுகிறது. இதனால்தான் சுவரில் டிம் லைட்டை அடித்தால் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக, நடுவில் கத்தரித்தாற்போல் ஒரு கோடு தெரிகிறது. பல வண்டிகளில் அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும். சாலையோரம் நடந்து போகிறவரும் இடப்பக்கப் பலகைகளும் நமக்குத் தெரிவதற்கான ஏற்பாடு அது.

சுமார் 5 மில்லிமீட்டர் நீளச் சுருளை நம்பி உருவாக்கிய ரிஃப்ளெக்டர் இது. சுருள் சுற்றிலும் ஒளி வீசும், எல்.இ.டி. சிப் ஒரு தட்டையான பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்து, பக்கவாட்டில்தான் வீசும். சிப் ஒரு மில்லிமீட்டர் முன்பின் நகர்ந்தாலும், பலகை தடித்துப்போனாலும், அடியில் கிண்ணம் இல்லாவிட்டாலும் கோடு கலைந்துவிடும். கோடு கலைந்த வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவரின் முகத்தில் விழும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் கூசி மூன்று நொடி தடுமாறினால் 50 மீட்டர் தூரத்தை அவர் பார்க்காமலே கடக்கிறார். அந்த 50 மீட்டருக்குள் நம் ஊர்ச் சாலையில் என்னவெல்லாம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் தடுமாற்றம் இன்னும் நேரம் பிடிக்கும். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலம் தூக்கலாக இருக்கும் 6500 கெல்வின் வெளிச்சம் கண்ணை அதிகம் உறுத்துகிறது என்பதும் இதனால்தான். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை அருமையான பொருளை நாம் இடமறிந்து வைக்க வேண்டும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடை வாசலில் இதைக் கண்ணால் பார்த்தேன். இளைஞர் ஒருவர் எல்.இ.டி. போட வந்திருந்தார். மெக்கானிக் பழைய பல்பைக் கழற்றுமுன் வண்டியை எதிர்ச்சுவருக்கு நேராக நிறுத்தி, அவரையே சீட்டில் உட்காரவைத்து, டிம் போடச் சொல்லி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு புதிய பல்பு. சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. “அண்ணே, நல்லா பிரைட்டா இருக்கே, போதாதா?” என்றார் இளைஞர். “எரியுதான்னு பாக்காதீங்க தம்பி, கோடு நிக்குதான்னு பாருங்க” என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு பல்பை எடுத்து மாட்டினார். அதன் காலரைத் தளர்த்தி, சிப்புகள் நேர் இடமும் வலமும் பார்க்கும்படி விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மேலே சிதறியிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கி சாக்பீஸ் கோட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் காலரை முடுக்கினார்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது அந்த இரண்டாவது பல்பைத்தான். மூன்று பக்கமும் நான்கு பக்கமும் சிப் ஒட்டிய பல்பை எடுக்காதீர்கள். பலகை மெலிதாகவும், சிப் கம்பிச்சுருள் அளவிலும், டிம் சிப்புக்கு அடியில் கிண்ணமும், திருப்பிவிட்டு முடுக்கும் காலரும் இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் அச்சடித்த 20,000 லூமனை நம்பாமல் மீட்டரில் கரண்டை அளந்தால் உண்மை வெளியே வரும்: 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் அது 18 வாட் பல்பு, அவ்வளவுதான். நிறம் 4500 கெல்வினுக்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது. எல்.இ.டி.யின் சூடு முழுக்கப் பின்பக்கம் இருப்பதால் ஃபேனும் ஹீட் சிங்கும் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இடம் செய்ய, பல்பின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் உறையை வெட்டினால் முதல் மழையிலேயே டூமுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஹாலோஜனைப்போல அந்த ஈரத்தை உலர்த்தும் சூடு முன்பக்கம் எல்.இ.டி.க்கு இல்லை.

செலவுக்கு வழியிருந்தால் பல்பை விட்டுவிட்டு, எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழு விளக்கை மாற்றுவதே என் சிபாரிசு. 2016-ல் டொமினார் 400, 2017-ல் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்று நம் நாட்டு வண்டிகளிலேயே கம்பெனி எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. அவற்றில் சிப்புக்காகவே ஒளியமைப்பு செய்யப்பட்டிருக்கிறது. வட்ட வடிவ 7 அங்குல விளக்குக்கும் முழு யூனிட் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள்: வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்கும் இங்கே விற்கிறது. அதில் கோடு வலப்பக்கம் ஏறும். இங்கே எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் போகும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. ஜெர்மனி 2020-ல் ஹாலோஜன் விளக்கில் போடும் எல்.இ.டி. பல்புக்கு முதல்முறை அனுமதி தந்தபோதுகூட, எந்தெந்த மாடலில் சோதித்துத் தேறியதோ அவற்றுக்கு மட்டும்தான் தந்தது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி, 8 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் கண் உயரத்தில் இருப்பவரைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று போலீஸார் வண்டியை நிறுத்திப் பார்த்ததும் இதே கவலையில்தான்.

ஆகவே மாற்றுகிறவர்கள் சுவர் சோதனையைச் செய்யாமல் கடையை விட்டு நகராதீர்கள். சமதளம், சரியான டயர் காற்று, 10 மீட்டர் தூரம், சீட்டில் ஆள். கோடு ஹெட்லைட்டின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். வீட்டம்மாவோ பிள்ளைகளோ வழக்கமாகப் பின்னால் உட்காருவார்கள் என்றால் அவர்களையும் ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கும்போது முன்வெளிச்சம் மேலே ஏறும். அன்று இரவே வண்டியை நண்பரிடம் கொடுத்து எதிரே ஓட்டிவரச் சொல்லி, நீங்கள் உங்கள் பக்கத்து ஓரத்தில் நின்று டிம்மைப் பாருங்கள். உங்கள் கண் கூசினால் மறுநாளே கடைக்குப் போய் பழைய பல்பைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

சரியாக அமைந்தாலும் அந்தப் பழைய பல்பைத் தூக்கி எறிய வேண்டாம். ஹாலோஜனில் ஒரு சுருள் போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். எல்.இ.டி.யில் டிரைவர் சர்க்யூட் போனால் டிம்மும் பிரைட்டும் சேர்ந்தே போகும். கண்ணாடியில் கைபடாமல் துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் டூல் கிட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்