மூன்று சி.சி. வித்தியாசம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய கையோடு பலரும் தேடிப் போவது பெரிய கார்புரேட்டரையும் சத்தம் போடும் சைலன்சரையும்தான். மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். என்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும், அதிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகத்தை எடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு இல்லாவிட்டால் இந்தக் கார்களின் மேல் பிரியமே வளராது. ஆனால் அந்த என்ஜின் ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

கூப்பர் எஸ்ஸில் இருப்பது பந்தயத்துக்காகப் பிறந்த என்ஜின் அல்ல. 1951-ல் ஆஸ்டின் ஏ30 என்ற சின்னக் குடும்பக் காருக்காக வந்த 803 சி.சி. 'ஏ சீரிஸ்' என்ஜின்தான் அதன் மூலம். அடுத்த வருஷமே அது மொரிஸ் மைனருக்கும் போனது. 1959-ல் வெளிவந்த மினியை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தபோது அதையே 848 சி.சி. ஆக்கி, குறுக்குவாட்டில் வைத்து, கியர் பாக்ஸை என்ஜினுக்கு அடியில் ஆயில் சம்புக்குள் அடக்கினார். அதன் திறன் 34 குதிரைத்திறன், அவ்வளவுதான். ஃபார்முலா 1-ல் 1959, 1960 இரண்டு ஆண்டும் தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற ஜான் கூப்பர், இதே ஏ சீரிஸை ஃபார்முலா ஜூனியர் கார்களில் பூட்டிப் பழகியவர். இந்தச் சின்ன என்ஜினுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 1961-ல் 997 சி.சி. கூப்பர் வந்தது. 1963-ல் 1071 சி.சி. கூப்பர் எஸ். அடுத்த ஜனவரியில் பேடி ஹாப்கிர்க் அந்த 1071-ஐ ஓட்டித்தான் மான்டி கார்லோ ராலியை வென்றார்.

எஸ் வரிசையில் மூன்று என்ஜின்கள் வந்தன. மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 70.6 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் வேறு: 970 சி.சி.யில் 61.9 மி.மீ., 1071-ல் 68.3, 1275-ல் 81.3. பந்தயத்தில் 1000, 1100, 1300 சி.சி. என்று பிரிவுகள் இருந்ததால் இப்படிப் பிரித்தார்கள். 970 சுற்று ஏற ஏறத்தான் முகம் மலரும். 1275 மூவாயிரம் ஆர்.பி.எம்.மிலேயே நன்றாக இழுக்கும். ஊருக்குள் ஓட்ட 1275-ஐ வாங்கிவிட்டு 970-ன் குணத்தை அதிலிருந்து எதிர்பார்ப்பது வீண்.

இந்த என்ஜினின் பலவீனம் அதன் மூச்சில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று உள்ளே போக சிலிண்டர் ஹெட்டில் இரண்டே வாசல்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. வெடிக்கும் வரிசை 1-3-4-2. இரண்டாம் சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் தறுவாயில் அதே வாசலில் ஒன்றாம் சிலிண்டர் உறிஞ்சத் தொடங்கிவிடும். அதன் பிறகு கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றும் வரை அந்த வாசலில் வேலையே இல்லை. ஒருவர் பங்கை இன்னொருவர் இழுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டைப் போட்டால் இழுபறி இன்னும் மோசமாகும். தனித்தனி வாசல் உள்ள என்ஜின்களுக்குப் பொருந்தும் கேம் கணக்கு இங்கே பொருந்தாததற்கு இதுதான் காரணம். ஆக, கார்புரேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வேலை நடக்க வேண்டிய இடம் ஹெட்தான். வில்ட்ஷயரின் டவுன்டன் கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் நடத்திய பட்டறை பேர் வாங்கியது இந்த ஹெட் வேலையால்தான். மினியைத் தயாரித்த பி.எம்.சி. நிறுவனமே பின்னர் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது.

ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் எரியும் அறை இதய வடிவில் இருக்கும். என்ஜின் நிபுணர் ஹாரி வெஸ்லேக் வகுத்த வடிவம் அது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒரு மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும். இடைஞ்சல் என்று நினைத்து அதை முழுக்க வழித்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. அது காற்றைச் சுழற்றி பெட்ரோலோடு கலக்க வைக்கும் மூக்கு. வால்வைச் சுற்றிக் காற்றுக்கு வழிவிடும் அளவுக்கு மட்டும் இழைத்து விட்டால் போதும். வால்வைப் பெரிதாக்குவதிலும் இதே நிதானம் வேண்டும். எஸ் ஹெட்டில் உள்வால்வு 35.6 மி.மீ., வெளிவால்வு 30.9. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் இரும்பு குறைவு என்பதால் அந்த இடத்தில் விரிசல் விடுவது இந்த ஹெட்டுகளின் தெரிந்த நோய். பிற்காலத்து எம்.ஜி. மெட்ரோ காரின் ஏ சீரிஸ் ஹெட்டில் வெளிவால்வு 29.2 தான். பலர் அந்த ஹெட்டையே நம்பிப் போடுகிறார்கள், நானும் அந்தக் கட்சி.

நண்பர் ஒருவரின் பட்டறையில் ஹெட்டை அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹெட்டை மேஜையில் மல்லாத்தி, மட்டப்பலகை வைத்துச் சமன் பார்த்தார். பிளக்கை மாட்டினார். வால்வு உட்காரும் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ். அறையின் வாயை ஒரு கண்ணாடித் தகட்டால் மூடி, தகட்டின் சின்னத் துளை வழியாக, பியூரெட்டில் இருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும் வரை குனிந்த தலை நிமிரவில்லை. நான்கு அறைகளும் ஒரே அளவில் வரவில்லை. ஒன்று மற்றவற்றைவிட ஏறத்தாழ ஒரு சி.சி. கூடுதல். அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலையைத் தொட மறுத்துவிட்டார்.

ஒரு சி.சி.க்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 1275-ல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 319 சி.சி. அமுக்க விகிதம் 9.75 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் 36.4 சி.சி. விகிதத்தை 10.5 ஆக்க அது 33.6 ஆக வேண்டும். மொத்த வித்தியாசம் மூன்று சி.சி.கூட இல்லை. ஹெட்டின் முகத்தை ஒரு மில்லிமீட்டர் சீவினாலே ஏறக்குறைய அது வந்துவிடும். கண் மதிப்பில் சீவுகிறவருக்கு, என்ஜின் நாக்கிங் எடுத்து பிஸ்டன் உருகும்போதுதான் விஷயம் தெரியும். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய மொரிஸ் மைனர்கள் தாக்குப்பிடித்ததற்குக் குறைந்த அமுக்கம் ஒரு காரணம். அதே குடும்பத்து என்ஜின்தான் என்றாலும் கூப்பர் எஸ் அந்தப் பாட்டைத் தாங்காது.

கார்புரேட்டரை நான் கடைசிக்கு ஒதுக்குகிறேன். எஸ்ஸில் இருக்கும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் அருமையான பொருள். என்ஜின் இழுக்கும் காற்றுக்குத் தக்கபடி அதன் பிஸ்டன் தானே உயரும். கூடவே உயரும் கூம்பு ஊசி பெட்ரோலை அளந்து விடும். ஹெட்டும் கேமும் மாறினால் ஊசியின் வடிவமும் மாற வேண்டும். ஊசியை மாற்றிப் பார்க்காமலேயே நல்ல எஸ்.யூ. ஜோடியைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறாத காரியம் இது.

73.5 மி.மீ.க்கு போர் அடித்து 1380 சி.சி. ஆக்குவதும் பிரபலம். பெரிய விட்டத்துக்கு இடம் காண, எஸ் என்ஜினில் ஏற்கெனவே நடு சிலிண்டர்கள் இரண்டையும் ஒன்றையொன்று நெருக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கிடையே கேஸ்கெட் உட்காரும் இடம் குறுகல். பிளாக்கின் சுவர்த் தடிமனை அளக்காமல் அதில் இறங்கவே கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் சோதியுங்கள், டைமிங் செயின் தொய்ந்திருக்கிறதா பாருங்கள், ஆயிலை மாற்றுங்கள். கியர் பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, கியர் தேய்ந்த இரும்புத் தூளெல்லாம் அதில்தான் மிதக்கும். நோயுள்ள என்ஜினுக்கு ரேஸ் கேம் போடுவது பணத்தைக் குப்பையில் கொட்டுவதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாற்றுவதை மாற்றுங்கள், ஆனால் கழற்றிய ஹெட், கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயில் தடவி, சுற்றி, அளவுகள் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பழைய கூப்பர் எஸ்ஸின் தயாரிப்பு 1971-லேயே நின்றுவிட்டது.