மாத்திரை டப்பா யார் கையில்?

எங்கள் பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். "இருமல் நின்னதும் மாத்திரையை விட்டுருவாங்க, அப்புறம் வியாதி முத்தித் திரும்பி வருவாங்க" என்பார் என் மாமியார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவேயில்லை.

என் தங்கை மகனுக்கு வயது 16. இரண்டு வருடத்துக்கு முன் தங்கையின் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குப் பொருத்தினார்கள். உடம்பு தேறி, சைக்கிளில் ஸ்கூல் போய்வந்தான். சமீபத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மருந்தின் அளவு குறைந்திருந்தது. தேடினால், ஜியாமெட்ரி பாக்ஸில் 11 மாத்திரைகள்!

தங்கை அழுதாள், அவள் வீட்டுக்காரர் கையை ஓங்கிவிட்டார். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, "ஏங்கண்ணு?" என்றேன்.

"மூஞ்சி உப்பிப்போச்சுன்னு கிண்டல் பண்றாங்க பெரிம்மா. ராத்திரி 8 மணிக்கு ட்யூஷன்ல இருப்பேன். எல்லார் முன்னாடியும் எப்படிப் போடறது? நல்லாத்தானே இருக்கேன்?"

நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்! 1954-ல் பாஸ்டனில் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது ஒரே உருவ இரட்டையருக்கு. மற்றவர்களுக்கு, தாயே கொடுத்தாலும் உடம்பு அதை அந்நியமாக எண்ணித் தாக்கும். மாத்திரையை விட்டால் வெளியே தெரியாமலே சிறுநீரகம் கெடும், மறுபடி டயாலிசிஸ்தான். நல்லவேளை, நாங்கள் விழித்துக்கொண்டோம்.

டாக்டரிடம் அவனையே பேச வைத்தோம். அவர் நேரத்தைக் காலை 7, மாலை 7 என்று மாற்றினார். முகம் உப்புவது ஸ்டீராய்டு மருந்தால். அதைக் குறைப்பதும் கூட்டுவதும் தன் வேலை என்று அவனுக்கு விளக்கினார். இப்போது ஞாயிறுதோறும் கிழமை போட்ட டப்பாவை அவனே நிரப்புகிறான். போனில் அலாரமும் வைத்திருக்கிறான். தங்கை இரவில் டப்பாவை ஒரு தரம் பார்ப்பதோடு சரி. "போட்டியா, போட்டியா?" என்ற பல்லவி நின்றது.

சகோதரிகளே, இன்னும் சில: ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காதீர்கள். மறந்தாலும், வாந்தி எடுத்தாலும் டாக்டரைக் கேளுங்கள். மருந்தளவைப் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. பம்ளிமாஸ் பழம் வேண்டாம். நாட்டு மருந்தும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. மாத்திரை தீருமுன்பே வாங்கி வையுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் அலாரம் அடித்தது. பையன் எல்லார் முன்னாலும் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். தங்கை பார்த்தும் பாராதது போல் திரும்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.