கப்பல் உடைந்தது, ஜனங்கள் பிழைத்தார்கள்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தாலே இப்போதெல்லாம் நம் ஊரில் வயதானவர்களுக்கு வயிறு கலங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரால் மறக்க முடியும்? ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்படி ஒரு வெள்ளம் வந்தால், விசுவாசிகளான நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். "இது கடைசி காலம், கர்த்தரின் கோபம்" என்பது ஒன்று. "ஜெபிக்கிறவன் வீட்டுக்குள் தண்ணீர் வராது" என்பது மற்றொன்று. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. முதல் பேச்சு, ஏற்கெனவே பயந்திருப்பவனை இன்னும் பயமுறுத்துகிறது. இரண்டாவது பேச்சு, வீட்டில் தண்ணீர் ஏறியவனைக் குற்றவாளி ஆக்குகிறது. தாமிரபரணி யாருடைய வீடு என்று கேட்டுக்கொண்டா வந்தது?

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கைதியாக ரோமாபுரிக்குப் போகிற பவுலின் கப்பல் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் சரியான சாப்பாடு இல்லை. உயிர்ச்சேதம் இராது, ஆனால் கப்பல் போய்விடும் என்று பவுலுக்கு முன்பே தெரிவிக்கப்படுகிறது. அந்த நிலையில் அவர் செய்தது என்ன? எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார். தாமே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, முதலில் சாப்பிடுகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியம் அடைகிறார்கள். கப்பல் உடையத்தான் செய்தது. ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை.

விசுவாசம் தரும் சமாதானம் இதுதான் என்று நினைக்கிறேன். புயல் ஓயும்வரை காத்திராமல், அதன் நடுவிலேயே பக்கத்தில் இருப்பவன் சாப்பிட்டானா என்று கேட்க முடிகிற நிலை அது.

அடுத்த அதிகாரம் இன்னும் முக்கியம். கரையேறியவர்களை மெலித்தா தீவு ஜனங்கள், அந்த மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் சபையார் அல்ல, பவுலின் தேவனை அறிந்தவர்களும் அல்ல.

அதே காட்சியை நம் ரயில் நிலையத்தில் பார்த்தோம். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஹெலிகாப்டரில் உணவு வருவதற்கு முன்னால், புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் கையிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து, கோவிலில் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் வெள்ளம்தான். 19ஆம் தேதி மீட்கப்பட்ட பயணிகள், வாஞ்சி மணியாச்சியிலிருந்து வேறு ரயிலில் சென்னைக்குப் போனார்கள். அந்த ரயிலில் ஜெபித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் ஜெபத்துக்குப் பதில் அந்தச் சோற்றுப் பானையில்தான் வந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் கிழவனும் கிழவியுமாக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை இரவில் பயம் வந்தால் ஜெபியுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா, தனியாவா இருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி. அவர்கள் வந்து நம் கதவைத் தட்டினாலும், தேவன் அனுப்பிய ஆள் என்றே திறந்துவிடுங்கள்.