ஸ்பீக்கர் பெட்டியில் காலாவதி தேதி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும், தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்கித் தருவார்கள் என்று காத்திருப்பவர்களும் முழுதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வாங்கும் வைஃபை ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும், 'இது இந்த ஆண்டு வரை இப்படியே வேலை செய்யும்' என்று ஒரு வரி ஏன் இல்லை?

ஸ்பீக்கருக்கு ஏது சார் காலாவதி என்று கேட்பீர்கள். நம் தலைமுறை அப்படித்தான் கேட்கும். நாம் பார்த்த ஸ்பீக்கரில் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. கூம்பு கிழிந்தால் மாற்றித்தர கடைத்தெருவில் ஆள் இருந்தார். முப்பத்து மூன்று ஆண்டு இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து மேசைமேல் வைத்துத்தான் காந்தப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

வைஃபை ஸ்பீக்கர் அந்தச் சாதி இல்லை. அது ஸ்பீக்கர் மாட்டிய கம்ப்யூட்டர். போனில் பாட்டைத் தொட்டால், பெரும்பாலும் பாட்டு போனிலிருந்து போவதில்லை. போன் வெறும் ரிமோட். பெட்டியே இன்டர்நெட்டுக்குப் போய்ப் பாட்டை எடுத்துவருகிறது. வாயால் கேட்டால், 'அலெக்சா' என்ற கூப்பாட்டை மட்டும் பெட்டி தானாக அடையாளம் காணும். அதற்குப் பின் நாம் பேசுவது ஒலியாகவே நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து பதில் வர வேண்டும். ஆக, நம் வீட்டு அடுப்படியில் ஒரு பாட்டு ஒலிக்க நம் இணைய இணைப்பு, போனில் உள்ள ஆப், பெட்டி செய்த நிறுவனம், பாட்டு விற்கும் நிறுவனம் என்று நாலு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கையை எடுத்தாலும் பெட்டி ஊமை.

கற்பனை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சோனோஸ் என்று ஓர் அமெரிக்க நிறுவனம். வீடு முழுக்க, அறைக்கு அறை ஒரே பாட்டைக் கேட்க வைப்பதில் பெயர் எடுத்தவர்கள். விலையும் அதற்கேற்ற விலை. பழைய பெட்டியைக் கணக்கு காட்டினால் புதியதில் 30 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நிபந்தனை என்ன தெரியுமா? பழைய பெட்டியை ஆப் வழியாக 'மறுசுழற்சி நிலை'க்கு மாற்ற வேண்டும். 21 நாள் கழித்து அது நிரந்தரமாகச் செத்துவிடும். பிறகு யாரும் அதை உயிர்ப்பிக்க முடியாது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஏழைப் பையன் ஒருவனுக்குக் கொடுக்க முடியாது, பழைய சாமான் கடையிலும் விற்க முடியாது. வாங்கியவர் கையாலேயே கொலை. அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் அக்கறை! ஊரே காறித் துப்பிய பிறகு 2020 மார்ச்சில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

அதே நிறுவனம் 2024 மே மாதம் ஆப்பைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கியது. விடிந்து பார்த்தால் அலாரம் இல்லை, தூங்கும் நேரத்தில் தானாக நிற்கும் வசதி இல்லை. பெட்டி பழையதுதான், காசு கொடுத்தவரும் பழையவர்தான். ரிமோட்டை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள். தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியையும் விட்டார். சரி, போனவர் போனார். அலாரம் இல்லாமல் கிடந்தவருக்கு யார் ஈடு கட்டினார்கள்?

கூகுள் கதை இன்னும் வேடிக்கை. 2015இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்று உள்ளங்கையளவு வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கரில் அதைச் செருகினால் அதுவும் வைஃபை ஸ்பீக்கராகிவிடும். உண்மையில் அருமையான பொருள், பழசைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அந்த வில்லைக்குள் பத்தாண்டுக்கான ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருந்தது. 2025 மார்ச் 9 அன்று அது காலாவதியானது. உலகம் முழுக்க ஒரே நாளில் வில்லைகள் முடங்கின. எழுத்தர் மேசையில் சான்றிதழ் புதுப்பிக்காமல் கிடந்தால் ஓய்வூதியம் நிற்குமே, அதே கதைதான். சில நாளில் சரிசெய்துவிட்டார்கள், மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. காலாவதி தேதி உள்ளே இருந்திருக்கிறது, வெளியே அச்சடிக்கவில்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

இந்த இரண்டு கம்பெனியும் காப்புரிமைச் சண்டை போட்டதில் 2022 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் சோனோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே கூகுள் ஸ்பீக்கர்களில், எல்லா அறைச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை எடுத்தார்கள். சண்டை அவர்களுக்குள், பறிபோனது நம் வீட்டுப் பெட்டியில்.

அமேசானும் சளைத்ததல்ல. அமெரிக்காவில் சில எக்கோ பெட்டிகளில், குரல் பதிவை வெளியே அனுப்பாதே என்று சொல்லும் வழி ஒன்று இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். வாங்கும்போது இருந்த கதவு, பிறகு இல்லை.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். மகன் வாங்கித் தந்த மூன்று பெட்டிகள் கூடம், அடுப்படி, படுக்கையறை என்று இருந்தன. காலையில் மூன்றிலும் ஒரே பாட்டு, ஒரு நொடி பிசகாமல் சேர்ந்து ஒலிக்கும். கேட்க ஆனந்தமாகத்தான் இருந்தது. போன வருஷம் ஏதோ அப்டேட் வந்தது. அடுப்படிப் பெட்டி மற்ற இரண்டோடு சேர மறுத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், 'அந்த மாடலுக்கு அந்த வசதி இனி கிடையாது சார், புது மாடலுக்கு ஆஃபர் போகிறது' என்கிறார் அந்தப் பிள்ளை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். பெட்டிக்கு வயது நாலு. வீட்டம்மா பக்கத்திலிருந்து கேட்டார்: "இனி அந்த வசதி கிடையாதுன்னா, அதுக்குன்னு வாங்கின காசை மட்டும் வச்சுக்குவாங்களாக்கும்?" அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை.

போன வாரம் இதை ஓரிரு வரியில் எழுதியபோது நண்பர் ஒருவர், "சார் இன்னும் மர்பி ரேடியோ காலத்திலேயே இருக்கிறார்" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அந்தக் காலத்தைப் பற்றியே பேசுவோமே. அன்று ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளில்தான் ஒழிந்தது. ஆனால் பணம் கட்ட மறந்தால் ரேடியோ தானாக ஊமையாகாது. அபராதம் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். ரேடியோ நம்முடையது. சர்க்காருக்கே இல்லாத அதிகாரம் இன்று பெட்டி விற்றவனிடம் இருக்கிறது என்கிறேன். இதில் பழமைவாதம் எங்கே வந்தது?

இன்னொருவர், படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்றார். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் பார்வை போன ஒரு பெரியம்மா, பித்தானைத் தேடாமல் வாயால் கேட்டே பாட்டுக் கேட்கிறார். (கேட்பதை ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. 2017இல் அலெக்சா இங்கே வந்தபோது ஆங்கிலம், 2019இல் இந்தி. தமிழ்ப்பாட்டு விற்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் கேட்கக் காது முளைக்கவில்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) அந்தப் பெரியம்மாவுக்காகத்தான் நான் இவ்வளவு கத்துகிறேன். எனக்கு அடுப்படிப் பெட்டி போனால் வேறு ரேடியோவைத் திருகிக்கொள்வேன். அவருக்கு ஒரு நாள் காலையில் அந்தப் பெட்டி பதில் சொல்லாவிட்டால் என்ன ஆயிற்று என்றே தெரியாது. தன் உச்சரிப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

வேண்டாம், தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் ஒரு சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எது வரை தரப்படும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பெட்டிமேல் எம்.ஆர்.பி. அச்சடிக்க வைக்க முடிந்ததே, அதற்குக் கீழே இந்த ஒரு வரியையும் அச்சடிக்க வைக்க முடியாதா? பாதுகாப்பு அப்டேட் மட்டும் போதாது. 'நிறுவனம் கையை விட்டாலும் இது சாதாரண ஸ்பீக்கராகவாவது பாடும்' என்ற உறுதியும் வேண்டும். இது செய்ய முடியாத காரியமல்ல. போஸ் நிறுவனம் 2025 அக்டோபரில், சவுண்ட்டச் ஸ்பீக்கர்களுக்கான இணையச் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்போதுகூட ப்ளூடூத்தும் ஆக்ஸ் கம்பியும் தொடர்ந்து வேலை செய்யும் என்றார்கள். கம்பித் துளை இருந்ததால் அந்த வீடுகளில் பெட்டி குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

அந்தத் துளையைத்தான் இப்போது அடைக்கிறார்கள். எக்கோ டாட்டின் முந்தைய மாடல்களில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தது. 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். சின்னத் துளைதான், அதற்கு எத்தனை பைசா ஆகியிருக்கும்?

ஆகவே இனி கடைக்குப் போகிறவர்கள் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்வதோடு நிற்காதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு அதே பாட்டைப் போடச் சொல்லுங்கள். எது வரை அப்டேட் என்று கேட்டு, பதிலை பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள், தெரியும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது கடைக்காரர் கம்பெனியைக் கேட்டு வைப்பார்.

ஒன்றிய நுகர்வோர் துறைக்கு அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழில்தான். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். கூடவே, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, கம்பித் துளை இருக்கிறதா இல்லையா, எந்த ஆண்டு வாங்கியது என்று மட்டும் கீழே எழுதுங்கள். மனுவோடு இணைக்கப் பட்டியல் வேண்டும்.